திரும்பி வந்துடட்டுமா

என் மகள் என்னிடம் கேள்வி கேட்பதை நிறுத்தி இரண்டு வருடம் ஆகிறது. பேச்சு ஒன்றும் நின்றுவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குத் தவறாமல் போன் வரும். புனேவில் விடாத மழை, ஆபீஸில் புது மேனேஜர், சப்பாத்தி தின்று தின்று நாக்கு செத்துவிட்டது, எல்லாம் சொல்வாள். நான் கேட்டதற்குப் பதிலும் சொல்வாள். அவளாக ஒன்றையும் என்னிடம் கேட்பதில்லை. சின்ன வயதில் என்னைக் கேள்வியாலேயே துளைத்தெடுத்த பிள்ளை. வெந்தயம் ஏன் கசக்கிறது, கம்பெனி பஸ் ஏன் நம் தெருவுக்குள் வருவதில்லை, அப்பா ஏன் பகலில் தூங்குகிறார் என்று ஓயாமல் கேட்பாள். கடைசியாக ரசத்துக்கு எத்தனை மிளகு என்று கேட்டது நினைவிருக்கிறது. இப்போது அதையும் யூடியூபில் பார்த்துக்கொள்கிறாள்.

எனக்கு அந்தக் கேள்விகள் வேண்டும். ஒன்றே ஒன்று போதும். இதை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்பதால் சொல்லவில்லை. பிள்ளை வாரம் தவறாமல் பேசுகிறது, இதற்கு மேல் என்ன வேண்டும் இந்த அம்மாவுக்கு என்பார்கள். தீபாவளிக்கு வந்தபோது போர்வையை மடித்து, தலையணையை அதன் மேல் வைத்துவிட்டுப் போனாள். விருந்தாளிகள்தான் அப்படி மடித்து வைப்பார்கள். அந்தப் போர்வையைப் பிரிக்க எனக்கு ஒரு வாரம் மனசு வரவில்லை.

என் கணவர் ஓசூரில் ஒரு கம்பெனியில் இருபத்தைந்து வருடமாக ஷிப்டு பார்க்கிறார். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமான கையோடு இங்கே வந்தோம். நான் அரசுப் பள்ளியில் அறிவியல் டீச்சர். அவர் ஒருமுறைதான் இதைப் பற்றிப் பேசினார். "நீ வீட்லயும் டீச்சராவே இருக்க. வாயத் தொறந்தா கேள்வித்தாள்தான். அவ என்ன செய்வா?" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பதிலுக்கு, "நான் என்ன கேட்டேன்னு சொல்லுங்க பாப்போம்?" என்றேன். அவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

இந்த நிலையில்தான் அந்தப் பயிற்சிக்கு ஆள் எடுத்தார்கள். அறிவியல், கணக்கு ஆசிரியர்களுக்கு ஐந்து நாள் விண்வெளி முகாம், தளி போகிற வழியில் ஒரு கல்லூரியில். மாணவர்களுக்குச் சொல்லித்தரும் முன் ஆசிரியர்கள் விண்வெளிப் பயணத்தை ஒத்திகையாகச் செய்து பார்க்க வேண்டுமாம். என் வயதில் பலரும் முழங்கால் வலி, சர்க்கரை என்று கழன்றுகொண்டார்கள். நான் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டேன். எட்டாம் வகுப்புப் படிக்கிறபோது, மொட்டை மாடியில் வற்றல் காயவைத்துவிட்டுப் படுத்துக்கொண்டு, இந்த உடம்போடு மேலே போய்விட முடியாதா என்று நினைத்தவள் நான். அந்த நினைப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை.

ஆசிரியர் பயிற்சி என்றால் ஒரு வழக்கம் உண்டு. யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, எந்த ஊர்ப் பள்ளியோ அதுதான் பெயர். ஆகவே அங்கே ஒரு சாமல்பட்டி சார் இருந்தார், கணக்கு வாத்தியார், ஓய்வு பெற இன்னும் ஆறு மாதம். ஒரு சிங்காரப்பேட்டை டீச்சர் இருந்தாள், வேலைக்கு வந்து மூன்று வருடம்கூட ஆகாத சின்னப் பெண். நான் ஓசூர் டீச்சர். இன்னொரு வழக்கமும் உண்டு. வகுப்பில் பின்பெஞ்சுப் பையனைப் பிடித்து முன்னால் உட்காரவைக்கிற நாங்கள், பயிற்சி என்று வந்தால் பின்பெஞ்சுக்குத்தான் அடித்துக்கொள்வோம். காலையில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, பதினொன்றுக்கு டீயும் போண்டாவும், மதியம் கண் சொக்கும். அந்த முகாமில் இது நடக்கவில்லை. முதல் நாளே எங்களைச் சுழல் நாற்காலியில் கட்டிச் சுற்றிவிட்டார்கள். சாமல்பட்டி சார் இறங்கி, தூணைப் பிடித்துக்கொண்டு, "எந்தப் பிளாட்பாரம்மா இது?" என்று கேட்டார். அவர் ஊரில் ரயில் நிற்கும்.

பயிற்சி கொடுத்தவர் பெங்களூரில் என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். தமிழ் பேசுவார், ஆனால் அவசரம் வந்தால் கன்னடத்துக்குத் தாவிவிடுவார். அவர் காட்டிய விண்கலம் உண்மையில் லாரிக்கு மேல் ஏற்றுகிற கன்டெய்னர் பெட்டி. பக்கத்துப் பட்டறை ஒன்றில் அதை அறுத்து, உள்ளே மூன்று சீட் வைத்து, ஒரு கம்பெனி ஓரங்கட்டிய சுவிட்ச் பலகையைச் சுவரில் பதித்திருந்தார்கள். ஜன்னல் கிடையாது. கதவைச் சாத்தினால் ஒரு சின்ன விளக்கு மட்டும். மூன்று பேர் உள்ளே போக வேண்டும், ஒருவர் எதிரே இருக்கிற வகுப்பறையில் மைக் முன்னால் உட்கார்ந்து அவர்களோடு பேச வேண்டும். அவருக்குப் பெயர் தரை.

ஒரே ஒரு சிக்கல் வைத்திருந்தார். விண்கலம் வெகுதூரத்தில் இருப்பதால் பேச்சு போய்ச் சேர நேரமாகும் அல்லவா? அதனால் நாம் மைக்கில் பேசுவதை ஒரு கம்ப்யூட்டர் பிடித்து வைத்து, சரியாக ஒரு நிமிடம் கழித்துத்தான் பெட்டிக்குள் விடும். அங்கிருந்து வருவதும் அப்படியே. ஒன்று கேட்டால் பதில் வர இரண்டு நிமிடம். பெட்டிக்குள் காற்றின் அளவைக் காட்டும் ஒரு முள் இருக்கும். அது நாற்பதுக்குக் கீழே இறங்கினால் திரும்பியாக வேண்டும். ஆனால் மேலே இருப்பவர்கள் தாமாகத் திரும்பக் கூடாது, தரை சொல்ல வேண்டும். இவ்வளவுதான் விதி. எழுதி, கையிலும் கொடுத்திருந்தார்.

மூன்றாம் நாள் சீட்டுக் குலுக்கினார்கள். நான் பெட்டிக்குள் போகத்தான் ஆசைப்பட்டேன். அதற்காகக் காலையில் டிபன்கூட அரை வயிறுதான் சாப்பிட்டேன். எனக்குத் தரை வந்தது. சாமல்பட்டி சாரும் சிங்காரப்பேட்டை டீச்சரும் தளிப் பக்கத்துத் தலைமையாசிரியை ஒருவரும் உள்ளே போனார்கள். கதவைச் சாத்தும்போது என் முகத்தைப் பார்த்து சாமல்பட்டி சார், "கவலப்படாதீங்க டீச்சர், வரும்போது நிலா மண்ணு ஒரு பிடி கொண்டாறன்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மைக் முன்னால் உம்மென்று உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரம் எல்லாம் ஒழுங்காகப் போனது. பிறகு சிங்காரப்பேட்டை டீச்சரின் குரல் வந்தது. "முள்ளு எறங்குது. முப்பத்தெட்டுல இருக்குது. திரும்பி வந்துடட்டுமா?"

என் கையில் காகிதம் இருந்தது. விடையும் தெரியும். "வாருங்கள்" என்ற ஒரு சொல் போதும். நான் என்ன செய்தேன் என்றால், தொண்டையைச் செருமிக்கொண்டு, இருபத்திரண்டு வருடமாகச் செய்வதைச் செய்தேன். விடையைச் சொல்லாதே, பிள்ளையிடமிருந்தே வரவழை. இதற்காக அதிகாரி ஒருவர் என் வகுப்புக்கு வந்து கைதட்டிவிட்டுப் போயிருக்கிறார். "நல்லது. ஒரு நிமிசத்துக்கு முள் எவ்வளவு எறங்குது? திரும்பி வர எத்தன நிமிசம் ஆகும்? ரெண்டையும் வச்சுப் பாத்தா உங்களுக்கு என்ன தோணுது? நிதானமா யோசிச்சு நீங்களே சொல்லுங்க" என்றேன். என் குரல் எனக்கே பிடித்திருந்தது.

இரண்டு நிமிடம் ஓடியது. "டீச்சர், இருபதாயிடுச்சு. வந்துடட்டுமா?" என்றது அவள் குரல், முன்பைவிட மெலிந்து.

"சரி. இருபதுன்னா என்ன அர்த்தம்?" என்று கேட்டேன்.

அதற்குப் பதில் வரவில்லை. வகுப்பறைச் சுவரில் இருந்த சிவப்பு விளக்கு எரிந்தது. பயிற்சியாளர் ஓடிவந்து, "ஏனாயித்து மேடம்? ஏனாயித்து?" என்றார். என்ன ஆயிற்று என்று எனக்கே தெரியவில்லை. அவர் என் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மேடம், நீங்க பாடம் நடத்துனீங்க. அவங்க செத்துட்டாங்க" என்றார்.

அறையே குலுங்கியது. ஆசிரியர்கள் சிரித்தால் மாணவர்களைவிட மோசமாகச் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன், வேறு வழியில்லை. பெட்டிக் கதவு திறந்து சாமல்பட்டி சார் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். "சாவும்போதும் கேள்வி கேட்ட ஒரே டீச்சர் நீங்கதான்" என்று கும்பிடு போட்டார். தலைமையாசிரியைக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. சிங்காரப்பேட்டை டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. நேராகத் தண்ணீர்க் குழாய்க்குப் போய் முகம் கழுவினாள்.

டீ நேரத்தில் அவளிடம் போனேன். கல்லூரிக்குப் பின்னால் ரோஜா வளர்க்கிற பிளாஸ்டிக் கூடாரங்கள் வரிசையாக வெயிலில் மின்னிக்கொண்டிருந்தன. "தப்பா எடுத்துக்காதம்மா. உனக்கு விடை தெரியும்னுதான் கேட்டேன்" என்றேன்.

"தெரியாமலா டீச்சர் கேட்டன்?" என்றாள். "முள்ளு எறங்கறதும் தெரியுது, எத்தன நிமிசம் ஆவும்னும் தெரியுது. எம்பக்கத்துலயே கணக்கு வாத்தியார் உக்காந்துனு இருக்காரு. உள்ள இருட்டா இருந்துச்சு டீச்சர். வான்னு ஒரு வார்த்த யாராச்சும் சொன்னா போதும்னு இருந்துச்சு. அதுக்குத்தான் கேட்டன்." சொல்லிவிட்டு, பெரியவர்களிடம் அதிகம் பேசிவிட்டோமோ என்று நினைத்தாளோ என்னவோ, "போண்டா ஆறிடும், சாப்புடுங்க டீச்சர்" என்றாள்.

போண்டா கையில் இருந்தது. நான் சாப்பிடவில்லை. அவள் சொன்ன பேச்சில் எனக்கு என் மகளின் குரல் கேட்டது.

இரண்டு வருடத்துக்கு முன், அரையாண்டுத் தேர்வு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். மத்தியானம் இரண்டு மணி இருக்கும். அவள் புனேவுக்குப் போய் நாலாவது மாதம். ஞாயிற்றுக்கிழமையும் இல்லை, போன் வந்தது. எடுத்தவுடன், "அம்மா, நான் வந்துடட்டுமா?" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. நான் சிவப்புப் பேனாவைக் கீழே வைக்கவுமில்லை. "ஏன், அங்க என்ன பிரச்சன? வந்தா இங்க என்ன செய்வ? ஒரு பேப்பர எடுத்து ரெண்டு பக்கமா எழுதிப் பாரு. அப்புறம் நீயே ஒரு முடிவுக்கு வா" என்றேன். பிள்ளை சொந்தக் காலில் நிற்கட்டும் என்று நினைத்தேன். பெருமையாகவே நினைத்தேன், அதையும் மறைப்பானேன். "சரிம்மா" என்று வைத்துவிட்டாள். நான் அடுத்த விடைத்தாளை எடுத்தேன். ரசத்துக்கு மிளகு கேட்டதெல்லாம் அதற்கு முன்னால்.

அங்கே அவளுக்கு என்ன நடந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதற்குப் பிறகு எத்தனையோ முறை சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தேன். "அது ஒண்ணுமில்லம்மா" என்பாள். வாத்தியார் பிள்ளை மக்கு என்று ஊரில் சொல்வார்கள். என் பிள்ளை மக்கு இல்லை. ஒரே தடவையில் பாடம் படித்துக்கொண்டாள்.

அன்றைக்கு மீதி வகுப்பில் என்ன சொன்னார்கள் என்று காதில் விழவில்லை. முகாமை விட்டுப் போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. போய் என்ன செய்வது? வீட்டில் அவர் மதிய ஷிப்டுக்குக் கிளம்பியிருப்பார். மேசையின் மேல் மூடி வைத்த சோறு இருக்கும். அவள் அறையில் யாரும் இருக்கப் போவதில்லை.

ஐந்தாம் நாள் மறுபடி குலுக்கினார்கள். இந்த முறை எனக்குப் பெட்டி வந்தது. தரை, சிங்காரப்பேட்டை டீச்சர். எல்லோரும் ஓவென்று கத்தினார்கள், பழி வாங்கு, பழி வாங்கு என்று. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் சாமல்பட்டி சாருக்குப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து பட்டையை மாட்டிக்கொண்டேன். கதவைச் சாத்தினார்கள். எட்டாம் வகுப்பிலிருந்து ஆசைப்பட்ட இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரும்பும் பெயிண்டும் வியர்வையும் சேர்ந்து ஒரு வாடை அடித்தது. வெளியே லாரி போகிற சத்தம்கூடக் கேட்கவில்லை.

விளையாட்டு என்று தெரியும். கதவுக்கு அந்தப் பக்கம் பத்தடி தூரத்தில் ஆட்கள் நின்று டீ குடிக்கிறார்கள் என்றும் தெரியும். ஆனாலும் முள் இறங்கத் தொடங்கியதும் சீட்டுப் பட்டையை இறுகப் பிடித்துக்கொண்டேன். நாற்பதைத் தாண்டியபோது பேச வேண்டியவள் நான். விதிப்படி அளவைச் சொல்ல வேண்டும், கேட்க வேண்டும். அளவைச் சொல்ல மறந்துவிட்டேன். "வந்துடட்டுமா?" என்று மட்டும்தான் கேட்டேன்.

பேசி முடித்த பிறகுதான் அந்த நிமிடம் எவ்வளவு நீளம் என்று தெரிந்தது. என் சொல் அவளிடம் போக ஒரு நிமிடம், அவள் சொல் என்னிடம் வர ஒரு நிமிடம். சாமல்பட்டி சார் முள்ளைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார். நான் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கேள்வி எதுவும் கேட்டுவிடாதே அம்மா, அளவு என்னவென்று மட்டும் கேட்டுவிடாதே என்று வேண்டிக்கொண்டேன். என் மகள் அன்றைக்கு இப்படித்தான் போனைக் காதில் வைத்துக்கொண்டு இருந்திருப்பாள்.

ஸ்பீக்கர் கரகரத்தது. "வாங்க டீச்சர். ஒடனே வந்துடுங்க. நாங்க இங்கதான் இருக்கறோம்."

நான் அழுதுவிட்டேன். ஐம்பது வயதுப் பொம்பளை, லாரிப் பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டு, கணக்கு வாத்தியார் பார்க்க அழுதேன். சாமல்பட்டி சார் பாவம், தன் கைக்குட்டையை எடுத்து மோந்து பார்த்துவிட்டுத் திரும்பச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு திரும்பி வருவதற்கான சுவிட்சுகளை ஒவ்வொன்றாக அவரே போட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் சான்றிதழ் கொடுத்து அனுப்பினார்கள். முட்டைக்கோஸ் மூட்டைகளோடு வந்த டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே ஓசூர் வந்தேன். வழி முழுக்க ஒரே ஒரு சொல்லைத்தான் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஞாயிறு பதினோரு மணிக்கு அவள் கூப்பிட்டாள். அவர் இரவு ஷிப்டு முடித்து உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். மழை, மேனேஜர், சப்பாத்தி எல்லாம் வந்தது. நடுவில் நிறுத்தி, "வந்துடு" என்றேன்.

"புரியலம்மா."

"வீட்டுக்குத்தான். அன்னைக்குக் கேட்டல்ல, வந்துடட்டுமான்னு. அதுக்குத்தான் சொல்றேன். வந்துடு."

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று எனக்கே தெரியும். ஆனாலும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நாக்கு நுனிவரை வந்த நாலைந்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு விழுங்கினேன்.

"அன்னைக்கு நான் பஸ் ஸ்டாண்டுல நின்னுதான் கூப்பிட்டேம்மா" என்றாள். "பை எல்லாம் கையில இருந்துச்சு. டிக்கெட்டும் எடுத்துட்டேன். நீ வான்னு சொன்னா ஏறிடலாம்னு."

"தப்புப் பண்ணிட்டேன்டி" என்றேன்.

"இப்ப வரணும்னு இல்லம்மா. பழகிடுச்சு. இதான் என் ஊர்னு ஆயிடுச்சு." அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவளைத் திரும்ப வரச் சொல்கிற அந்த ஒரு மத்தியானம் போயேபோய்விட்டது, இனி எத்தனை முறை சொன்னாலும் அது வராது.

எதையாவது பேச வேண்டுமே என்று முகாமைப் பற்றிச் சொன்னேன். கன்டெய்னர் பெட்டி, காற்று முள், பேச்சு போய்ச் சேருகிற ஒரு நிமிடம், நான் மூன்று பேரைச் சாகடித்தது, ஐந்தாம் நாள் நான் உள்ளே போனது. செத்துட்டாங்க என்ற இடத்தில் அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"உள்ள உக்காந்திருந்தப்ப பயமா இருந்துச்சாம்மா?"

இரண்டு வருடத்தில் அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி.

"ஆமாடி," என்றேன். "ரொம்பப் பயமா இருந்துச்சு."